இரண்டு விரல் நிழல்

ஒரு குழந்தையின் நோட்டுப் புத்தகத்தில் இருந்த உண்மையை நான் ரப்பரால் அழித்துவிட்டு, அந்த இடத்தில் பொய்யை எழுதினேன். அவளுடைய கையெழுத்தைப் போலவே எழுதினேன். அந்தப் பொய்க்காக அவள் கெட்ட பெயர் வாங்கியபோது மூன்றடி தள்ளி நின்றுகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். அவளுக்கு அப்போது பத்து வயது. எனக்கு இருபத்தொன்பது.

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் சில பேர் போர்ட் பிளேயரில் இந்த டெலானிபூர் மேடேறி, என் மகனுடைய குவார்ட்டர்ஸைத் தேடிப்பிடித்து வருகிறீர்கள். சின்னப் பிள்ளைகளைத் தாங்களாகவே ஒன்றை ஆராய்ந்து பார்க்க வைப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். அறுபதுகளிலேயே மாயாபந்தரில் நான் அதைச் செய்ததாக யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். செய்தது உண்மைதான். நன்றாக நடந்தவற்றை மட்டும் சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் அவற்றில் நீங்கள் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. பிள்ளைகளுக்கு இயல்பாகவே வருவது அது. கெட்டுப்போனது என்னால். எப்படிக் கெட்டது என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

நான் திருச்சிப் பக்கம் பயிற்சி முடித்தவன். கப்பலேறி அந்தமானுக்கு வந்து முதலில் போர்ட் பிளேயர் பக்கத்துச் சிப்பிகாட்டில் ஒரு வருடம் இருந்தேன். பிறகு வடக்கே மாயாபந்தருக்கு மாற்றினார்கள். அங்கே பள்ளி என்பது பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட ஒரு நீளமான கட்டடம். ஒரு பக்கம் வங்காளப் பிள்ளைகள், மறுபக்கம் எங்கள் தமிழ்ப் பிரிவு, நடுவில் ஒரு தட்டி. தட்டிக்கு இரு பக்கமும் பிள்ளைகள் இந்தியில் சண்டை போட்டுக்கொள்வார்கள். தலைமையாசிரியர் வங்காளி. நல்ல மனிதர், ஆனால் ஆபீசர் என்ற சொல்லைக் கேட்டாலே வியர்ப்பவர். பாடப் புத்தகங்கள் மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும். அவற்றில் ஐப்பசியில் மழை பெய்யும், பனையில் நுங்கு இறங்கும், கிணற்றில் ஏற்றம் இறைப்பார்கள். எங்கள் பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்துவிட்டு, மே மாதமே தொடங்கிவிடும் மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்தப் புத்தகங்களில் எனக்கே சலிப்புத் தட்டித்தான் இந்த வேலையை ஆரம்பித்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும். பொங்கலுக்கு அப்புறம் மழை விட்டதும் தொடங்கி இரண்டு மாதம் அதன் பின்னால் போக வேண்டும். யாரிடமும் பதிலைக் கேட்கக்கூடாது. கண்டதை ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும்.

முதல் வாரம் எல்லாரும் மலையளவு கேள்விகளோடு வந்தார்கள். கடல் ஏன் உப்பாயிருக்கிறது, பூகம்பம் எங்கிருந்து வருகிறது, மெயின்லாந்து எவ்வளவு பெரிசு. இங்கேதான் ஆசிரியருக்கு உண்மையான வேலை இருக்கிறது. அந்தக் கேள்வியைச் சிரிக்காமல் வாங்கி, அந்தக் குழந்தை தன் கண்ணால் பார்க்கவும் தன் விரலால் எண்ணவும் முடிகிற அளவுக்கு அதோடு சேர்ந்து உட்கார்ந்து வெட்டிச் சின்னதாக்க வேண்டும். கோழி ஏன் முட்டையிடுகிறது என்று கேட்ட பையன், தன் வீட்டு ஆறு கோழிகளில் எது எந்த நாளில் இடுகிறது என்பதில் வந்து நின்றான். கரையில் ஒதுங்கும் பாட்டில்கள் எந்த நாட்டுடையவை என்று கேட்டவன் பத்து நாளில் பாட்டில்களை உடைத்து விளையாடத் தொடங்கிவிட்டான். அதுவும் நடக்கும்.

கேள்வியை வெட்டாமலே சரியான அளவில் கொண்டுவந்தவள் பிலோமினா ஒருத்திதான்.

அவள் அப்பா சூசை தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். பிழைப்புக்காக அந்தமானுக்கு வந்து, கப்பல்துறை ஜெட்டிக்குத் தெற்கே பத்துக் குடிசைகள் இருந்த இடத்தில் படகும் வலையுமாக இருந்தார். பிலோமினா வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். பேசினால் சுருக்கமாக இருக்கும். அவள் கேட்டது இது: "எங்கப்பா பாய்மரத்து நெழலு குட்டையானதும் கஞ்சி குடிச்சிருவாவ சார். மரக்கெடங்குச் சங்கு அதுக்குப் பொறவுதான் ஊதுது. எது சரியான மத்தியானம்?"

மரக்கிடங்கில் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதுவார்கள். ஊர் முழுக்க அதைக் கேட்டுத்தான் சாப்பிடப் போகும். "நிழல் எத்தனை மணிக்கு ரொம்பக் குட்டையாகுதுன்னு நீயே பாரு" என்றேன். பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். என் முதல் தவறு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பதில் தெரியும் என்ற நினைப்போடு ஒரு குழந்தையைத் தேட அனுப்பினால், அது திரும்பி வரும்போது நாம் அதன் நோட்டைப் பார்ப்பதில்லை. நம் பதில் அதில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.

பள்ளி முற்றத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மூங்கிலை நட்டோம். தூக்குநூல் கட்டி அது நேராக நிற்கிறதா என்று அவளே பார்த்தாள். பதினொரு மணியிலிருந்து சங்கு ஊதும் வரை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வகுப்பை விட்டு வெளியே போக அவளுக்கு அனுமதி கொடுத்தேன். கடிகாரம் என் மேசைக்கு மேலே தொங்கியது. ரேடியோ செய்தி கேட்டு நானே தினமும் அதைச் சரிவைப்பேன். அந்தக் கடிகாரத்தைப் பார்ப்பாள், எழுந்து போவாள், வருவாள், எழுதுவாள். வலை பின்னும் நூல்கயிறு இரண்டு வைத்திருந்தாள். மூங்கில் அடியிலிருந்து நிழலின் நுனிவரை கயிற்றைப் பிடித்து, அந்த இடத்தில் ஒரு துணி நூலைக் கட்டுவாள். அன்றைக்கு நிழல் மிகக் குட்டையாக இருந்த அளவு ஒரு கயிற்றில். சங்கு ஊதும்போது இருந்த அளவு மற்றொன்றில். பிறகு அடிக்கோலை வைத்து அளந்து நோட்டில் பென்சிலால் ஏற்றுவாள். நான் சொல்லிக்கொடுத்த முறை இல்லை இது. வலைக்காரர்கள் அளவு பார்ப்பது அப்படி.

அந்த வருடம் ஒரு செய்தி வந்தது. போர்ட் பிளேயரில் விடுதியில் தங்கிப் படிக்க, எங்கள் பகுதி ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை எடுப்பார்கள். கல்வி ஆபீசர் மார்ச் நடுவில் மோட்டார் படகில் வருவார், நோட்டுகளைப் பார்ப்பார், பிள்ளைகளிடம் பேசுவார், ஒரு பெயரை எழுதிக்கொண்டு போவார். மாயாபந்தரில் அப்போது ஐந்தாம் வகுப்புக்கு மேல் தமிழில் படிக்க வழியில்லை. அந்த ஒரு இடம் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் வீடு.

சூசையிடம் போய்ப் பேசினேன். பெண் பிள்ளையைக் கப்பலேற்றி அனுப்புவதா என்று அவர் வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்ததாம். கடைசியில் ஜெட்டியில் என்னைப் பார்த்தபோது சொன்னார்: "சீட்டு வந்தா அனுப்புதேன் சார். வரலேன்னா எங்கிட்ட மறுபடி கேக்கப்பிடாது. அவ அம்மைக்கி ஒத்தாசைக்கி ஆளு வேணும்."

வகுப்பில் அவளை விடத் தகுதியான பிள்ளை இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஆபீசர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் தலைமையாசிரியர் என்னிடம் வந்து, நோட்டுகளில் ஒரு தப்பும் இருக்கக்கூடாது, பார்த்துக்கொள்ளுங்கள் மாஸ்டர்ஜி என்று இந்தியில் இரண்டு முறை சொன்னார். எனக்கும் ஒரு காரணம் இருந்தது. நான் அப்போது தற்காலிகப் பணியில் இருந்தேன். நிரந்தரம் செய்வதற்கான என் கோப்பு அதே ஆபீசரிடம் இருந்தது.

பிலோமினாவின் நோட்டைத் திறந்தேன். முப்பத்தெட்டு நாள் வரிசையாக எழுதியிருந்தாள். நிழல் மிகக் குட்டையாக இருந்த நேரம் என்ற பத்தியில் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி: பதினொன்று இருபதிலிருந்து பதினொன்று நாற்பது வரை. அந்த இருபது நிமிடத்தில் நிழலின் நீளம் மாறவில்லை என்று ஓரத்தில் குறித்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு நேராக, எல்லா நாளும், அதைவிடப் பெரிய அளவு.

அவளைக் கூப்பிட்டேன். வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது.

"சூரியன் எத்தனை மணிக்கு உச்சிக்கு வரும்? புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"பன்னெண்டு சார்."

"அப்ப நிழல் எப்பக் குட்டையா இருக்கணும்?"

"பன்னெண்டுக்கு. ஆனா அப்ப அது வளந்துருது சார்."

"என்ன வளந்துருது?"

"நெழலு. ரெண்டு விரல்."

"தீனி போட்டு வளக்கிறியா நீ?" என்றேன்.

வகுப்பு சிரித்தது. கோழிப் பையன் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். சிரிப்பு அடங்கும்வரை அவள் நின்றுவிட்டு, இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்து எனக்குக் காட்டினாள். அவ்வளவுதான் அவள் வாதம்.

"மணி பாக்கவே தப்பாப் பழகியிருக்கே. நோட்ட வெச்சுட்டுப் போ. நான் சரி பண்ணித் தர்றேன்."

பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்தேன். கோபத்தில் செய்ததில்லை. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில்தான் செய்தேன், அதனால்தான் அவ்வளவு கவனமாகச் செய்தேன். நேரப் பத்தியில் இருந்த எண்களை வரி வரியாக அழித்துப் பன்னிரண்டு என்று எழுதினேன். சின்ன அளவுகளைப் பன்னிரண்டுக்கு நேராகவும், பெரிய அளவுகளைப் பதினொன்றரைக்கு நேராகவும் மாற்றி வைத்தேன். ஓரக் குறிப்புகளையும் விடவில்லை. அவளுடைய நான்கு மேல்பக்கம் மூடாமல் திறந்திருக்கும். ஏழுக்கு ஒரு சின்ன வால் இருக்கும். அவற்றையும் அப்படியே போட்டேன். முப்பத்தெட்டு நாளும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் உட்கார்ந்திருந்த சன்னலுக்கு இருபது அடி தூரத்தில், வெயிலில், அந்த மூங்கில் நின்றுகொண்டிருந்தது. மறுநாள் பதினொன்றரைக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை நோட்டைக் கொடுத்தேன். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மெதுவாகத்தான் கேட்டாள்: "சார், இது நான் பாக்கலியே?"

"ஆபீசர் கேட்டா பன்னெண்டுன்னு சொல்லு. சீட்டு வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார்."

இதையும் நான் மறைக்கப் போவதில்லை. அழித்ததோடு நிற்காமல், அவள் வாயாலேயே சொல்லவும் வைத்தேன்.

ஆபீசர் வந்தார். வெள்ளைச் சட்டையில் உப்புத் தண்ணீர் தெறித்திருந்தது. நாங்கள் பயந்ததுபோல் இல்லை. பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து இந்தியில் பேசினார். பழைய காலத்தில் நில அளவை வேலையில் இருந்தவர் என்று பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. கோழிக் கணக்கைப் பார்த்துச் சிரித்தார். பிலோமினாவின் நோட்டை எடுத்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். முப்பத்தெட்டு நாளா என்று தலைமையாசிரியரைத் திரும்பிக் கேட்டார். வெளியே இருந்த மூங்கிலை எட்டிப் பார்த்தார். அதன் பிறகுதான் எண்களைப் படிக்கத் தொடங்கினார்.

படிக்கப் படிக்க அந்த மலர்ச்சி போய்விட்டது.

"நிழல் எப்போது குட்டையாகிறது, மகளே?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, "பாரா பஜே" என்றாள். பன்னிரண்டு மணிக்கு.

"நீ பார்த்தாயா?"

"ஜி." ஆமாம்.

அவர் தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார். இந்தத் தீவில் அது நடக்க வழியில்லை. நாம் கையில் கட்டியிருப்பது மெயின்லாந்து நேரம். சூரியன் நம்மிடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. இந்த மாதத்தில் பதினொன்றரைக்குள் உச்சிக்கு வந்து, சங்கு ஊதும்போது இறங்கத் தொடங்கியிருக்கும். இந்தப் பெண் ஒரே ஒரு நாள் வெளியே போய்ப் பார்த்திருந்தாலும் இப்படி எழுதியிருக்கமாட்டாள். புத்தகத்தைப் பார்த்து முப்பத்தெட்டு நாளை வீட்டில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறாள்.

பிறகு அவளிடம் கேட்டார்: "யார் எழுதிக் கொடுத்தது?"

அந்த அறையில் அதற்குப் பதில் முழுதாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். எத்தனை நேரம் பார்த்தாள் என்று என்னால் சொல்ல முடியாது. நான் பேசுவதற்கு அது போதுமான நேரம். நான் பேசவில்லை.

"நானே எழுதினேன்" என்றாள்.

அவர் நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார். "படிப்பு உனக்கு வரும். ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதாதே" என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மையைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. கோழிப் பையனின் பெயரை எழுதிக்கொண்டு போனார். அவன் பின்னாளில் நன்றாகப் படித்தான். அதில் அவன் குற்றம் ஒன்றுமில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு வகுப்பை விட்டுவிட்டு முற்றத்துக்குப் போனேன். பதினொன்று இருபதுக்கு நிழலின் நீளத்தைப் பிடித்து ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டேன். நாற்பதுக்கும் நிழலின் நுனி முடிச்சிலேயே நின்றது. சங்கு ஊதியபோது நிழல் முடிச்சைத் தாண்டியிருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். அந்த மாதத்தில் இரண்டைத் தாண்டி மூன்றே ஆகியிருந்தது. ஒரு பாகைத் தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம் என்று எழுதித் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அதையே கரும்பலகையில் எழுதிப் போட்டும் இருக்கிறேன். நான் நின்றிருந்த மண்ணும் அந்தக் கணக்குக்கு உட்பட்டது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. என் வீடும் என் நேரமும் கப்பலுக்கு அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. இங்கே விடிகாலை ஐந்துக்கே வெயில் அடிப்பதையும், ஐந்தரைக்கு இருட்டிவிடுவதையும் ஊர்ப் புதுமை என்று மெயின்லாந்துக்குக் கடிதத்தில் எழுதுவேன். அதற்கு மேல் யோசித்ததில்லை.

உண்மை தெரிந்த பிறகாவது உடனே ஆபீசருக்கு எழுதினேனா என்றால், இல்லை. ஆபீசரின் மோட்டார் படகு அப்போது இன்னும் ஜெட்டியில்தான் நின்றிருந்தது. பத்து நிமிட நடை. போகவில்லை. ஏப்ரலில் தேர்வு முடிந்து பிலோமினா பள்ளியை விட்டு நின்றாள். மழை வந்தது. நான் கடைக்குப் போவதற்குக் குடிசைகள் பக்கம் போகாமல் மேட்டு வழியாகச் சுற்றிப்போகப் பழகினேன். ஆகஸ்டில் கப்பல் தபாலில் என்னை நிரந்தரம் செய்த ஆணை வந்தது. அதற்கு அடுத்த நாள்தான் கடிதம் எழுதினேன். அந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும். மனச்சாட்சி உறுத்தியதால் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது ஐந்து மாதம் ஆணைக்காகக் காத்திருந்த மனச்சாட்சி.

கடிதத்தில் எதையும் மறைக்கவில்லை. அழித்தது நான், எழுதியது நான், சொல்ல வைத்தது நான். இரண்டு கப்பல் கழித்துப் பதில் வந்தது. அந்த அதிகாரி மெயின்லாந்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இந்த வருட இடங்கள் நிரம்பிவிட்டன. அடுத்த வருடத்து இடம், அப்போது ஐந்தாம் வகுப்பில் படிப்பவர்களுக்கு மட்டுமே. என்னைக் கண்டித்து ஒரு வரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதுகூட இல்லை.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு சூசையின் வீட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்த ஒரு மாலை. அவர் வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். பிலோமினா உள்ளே அடுப்பண்டை இருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை.

"இது ஒரு பெரிய சங்கதியா சார்? கடல்ல கெடக்கவனெல்லாம் அறிஞ்சதுதான். சங்கு ஊதையில எங்களுக்குக் கஞ்சி குடிச்சி அர மணிக்கூறு ஆயிருக்கும். நீங்க ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா?"

"கேட்கல."

"வாத்தியாரு எங்கிட்ட என்னத்தக் கேப்பாரு, வேற." சிரிக்கிற மாதிரித்தான் சொன்னார். பிறகு ஊசியைக் கீழே வைத்தார். "அன்னைக்கி வந்து, நான் பொய் எழுதிட்டேன்ப்பான்னு சொன்னா. நான் கையோங்கிட்டேன் சார். அடிச்சும் போட்டேன். அவ உங்க பேர சொல்லவே இல்ல."

 

நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த பரிகாரங்கள் சின்னவை. அவளுடைய நோட்டை வாங்கி, முதல் பக்கத்தில், இதிலுள்ள எண்கள் மாணவி எழுதியவை அல்ல, ஆசிரியராகிய நான் அழித்து மாற்றியவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழைய எண்கள் போய்விட்டனவே என்று வருந்தினேன். அவள் உள்ளேயிருந்து அந்த இரண்டு கயிறுகளைக் கொண்டுவந்து தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினாள். ஒவ்வொன்றிலும் முப்பத்தெட்டு நூல்கள். நேரங்கள் கயிற்றில் இல்லை; ஆனால் நோட்டில் நான் இடம் மாற்றிய அளவுகள் எல்லாம் அங்கே இருந்தன. மூன்று பேரும் குனிந்து உட்கார்ந்து, முதல் நூலுக்கு முதல் நூல், இரண்டாவதற்கு இரண்டாவது என்று அளந்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் புதிய பக்கத்தில் எழுதினேன். அவள் எழுதியதை நான் மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. அவள் சொன்னதை நான் எழுத இருட்டும்வரை ஆனது.

அவளுக்கு ஆறாம் வகுப்புப் பாடம் நானே சொல்லித்தருகிறேன் என்றேன். மறுபடி கேட்கக்கூடாது என்று ஒருமுறை சொன்னவர்தான் சூசை. ஆனாலும் சரி என்றார். வாரம் மூன்று நாள் பள்ளி விட்டதும் வந்தாள். நான்கு மாதம் வந்தாள். பின்னம் வரைக்கும் போனோம். பிறகு அவள் அம்மாவுக்குக் குழந்தை பிறந்தது. ஒரு வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை, அதோடு நின்றுவிட்டது. நான் தூது அனுப்பினேன். வீட்டு வேலை இருக்கிறது என்று பதில் வந்தது. மூன்று வருடம் கழித்து ஊரில் நடுநிலைப் பள்ளி வந்தபோது மறுபடி போய்க் கேட்டேன். சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சமாக இருக்கிறது என்றாள். அவள் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. என் பரிகாரத்தின் கணக்கு இவ்வளவுதான்.

அதன் பிறகு என் வேலைமுறையில் சில மாற்றங்கள் வந்தன. உங்களுக்குப் பயன்படலாம் என்பதால் சொல்கிறேன். பிள்ளையின் ஆராய்ச்சி நோட்டில் நான் பேனாவையோ பென்சிலையோ வைத்ததில்லை. சந்தேகம் இருந்தால் தனித்தாளில் எழுதி உள்ளே செருகுவேன். அந்தத் தாளிலும் "இது தப்பு" என்று எழுதமாட்டேன், "இதை எனக்கும் காட்டு" என்று எழுதுவேன். காட்டச் சொன்னால் நாமும் எழுந்து போக வேண்டியிருக்கும். அந்தச் சிரமம்தான் அதில் முக்கியம். என் பதில் புத்தகத்தில் இருக்கிறது, பிள்ளையின் பதில் முற்றத்தில் இருக்கிறது என்றால், முதலில் முற்றத்துக்குப் போவேன். பல தடவை புத்தகம்தான் சரியாக இருந்திருக்கிறது. பிள்ளைகள் தப்பாக அளப்பார்கள், சோம்பலில் இட்டுக்கட்டியும் எழுதுவார்கள். அதை அவர்களே போய் மறுபடி பார்த்துக் கண்டுபிடிக்கும்போது அழுதுகொண்டு வருவதில்லை. நாம் கண்டுபிடித்துச் சொன்னால் அழுகிறார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

அவள் பாடத்துக்கு வருவது நின்றுபோய் ஒரு வருடம் கழித்து, ஜனவரியில், புதிய ஐந்தாம் வகுப்புக்கு முற்றத்தில் மறுபடி மூங்கிலை நட்டேன். பிலோமினாவை ஒரு நாள் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லிக் கேட்டனுப்பினேன். வருவாள் என்று நினைக்கவில்லை. இடுப்பில் அம்மாவின் குழந்தையோடு, தலை வாரிப் பின்னிக்கொண்டு வந்தாள். அவளை விட இரண்டு வயதே சின்னவர்களான பிள்ளைகள் முன்னால் கயிறுகளை நீட்டிக் காட்டி, எப்படிப் பிடிப்பது, எங்கே நூல் கட்டுவது என்று நாலு வார்த்தையில் சொன்னாள். குழந்தை நூலைப் பிடித்து இழுத்தது. தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வங்காளப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள்.

நோட்டும் மேசைமேல் இருந்தது. ஒரு சிறுமி அதைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "அக்கா, அப்ப இதுல மட்டும் ஏன் பன்னெண்டுன்னு இருக்கு?"

பிலோமினா என்னைப் பார்த்தாள். அன்று பார்த்த அதே பார்வை.

"அது நான் எழுதினது" என்றேன். "அவங்க சரியா எழுதியிருந்தாங்க. நான் வெளிய போய்ப் பாக்காம அழிச்சுட்டு எழுதினேன். ஆபீசர் கேட்டப்பவும் சொல்லாம இருந்துட்டேன்."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. கேட்ட சிறுமி நோட்டை மூடிவிட்டாள். பிலோமினா குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. எனக்கு ஏதோ இறங்கியது போல இருந்தது. இனி எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட அந்த நிமிடத்தில் நினைத்தேன் போலிருக்கிறது. ஏனென்றால் அவள் கயிறுகளைச் சுருட்டத் தொடங்கியபோது, அவற்றைப் பள்ளியிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். வருகிற பிள்ளைகள் எல்லாரும் பார்க்கட்டும், உன் பெயரைப் போட்டுச் சுவரில் மாட்டி வைக்கிறேன் என்றேன்.

அவள் உள்ளங்கையில் சுற்றிக்கொண்டே, கோபம் இல்லாத குரலில் சொன்னாள்:

"வேண்டாம் சார். இங்க வெச்சா யாராவது சரி பண்ணிருவாங்க."